கொப்பரை அக்காவும் கோட்டு போட்ட ஆலோசகர்களும்

மதுரை விமான நிலையத்தில் லக்கேஜ் போடும் வரிசையை ஒரு தடவையாவது நிதானமாகப் பார்க்க வேண்டும். சென்னை போய் அங்கிருந்து வளைகுடாவுக்கு மாறிப் போகிற பையன்கள் எப்போதும் நாலைந்து பேராவது இருப்பார்கள். பரமக்குடி, இளையான்குடி, முதுகுளத்தூர்ப் பக்கம். நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய அட்டைப்பெட்டி, அதன்மேல் மார்க்கரில் கொட்டை எழுத்தில் பெயர். சில வருஷத்துக்கு முன் அப்படி ஒரு பையனுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கவுன்ட்டரில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். பெட்டியை எடைத்தட்டில் வைத்ததும், கணினியைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார்.

“தம்பி, உள்ள கொப்பரை இருக்கா?”

“தெரியலக்கா. அம்மாதான் கட்டுச்சு.”

“அம்மா கட்டுச்சுன்னா இருக்கும். அந்த ஓரமாப் போய்ப் பிரிச்சு எடுத்துட்டு வா. திரும்ப வரிசையில நிக்க வேணாம், நேரா எங்கிட்ட வந்துரு.”

இருந்தது. புளி, கருவாடு, வத்தல் எல்லாவற்றுக்கும் அடியில், மஞ்சள் துணிப்பையில் ஒரு கிலோ.

கொப்பரையில் எண்ணெய் அதிகம். அடைத்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று சர்வதேச விமானச் சரக்கு விதிகளில் அதற்குத் தனி எண்ணே இருக்கிறது. அந்தப் பெட்டி அப்படியே உள்ளே போயிருந்தால் ஸ்கேனரில் நின்றிருக்கும். பையனை மைக்கில் கூப்பிட வேண்டும், அவன் பாதுகாப்புச் சோதனை முடிந்து போயிருப்பான், அறிவிப்பு புரியாமல் உட்கார்ந்திருப்பான். ஆளைத் தேடி, பெட்டியைப் பிரித்து, மறுபடி கட்டி ஏற்றுவதற்குள் விமானம் கால் மணி நேரம் தாமதம். அதை அந்தப் பெண் கவுன்ட்டரிலேயே ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். கயிறு கட்டிய விதத்தைப் பார்த்துக் கொப்பரையைக் கண்டுபிடிக்க எந்தக் கையேட்டிலும் சொல்லித் தரவில்லை.

அடுத்த முறை போனபோது அவர் அங்கே இல்லை. அந்த வேலையை விமான நிறுவனம் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. வெளியிலிருந்து ஒரு ஆலோசனைக் குழு வந்து, மூன்று வாரம் இருந்து, எங்கெங்கே செலவைக் குறைக்கலாம் என்று கொடுத்த பட்டியலில் தன் கவுன்ட்டரும் இருந்ததாகப் பின்னொரு நாள் அவரே சொன்னார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

விமான நிறுவனங்கள் ஏன் இப்படி கன்சல்டன்ட்களைத் தேடி ஓடுகின்றன? முதல் காரணம், கையில் நிற்கிற காசு ரொம்பக் குறைவு. உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் சமீப வருஷக் கணக்குப்படி ஒரு பயணிக்கு நிகர லாபம் சராசரியாக 7 டாலர் அளவில்தான் இருக்கிறது. நம் காசில் 600 ரூபாய் சொச்சம். மதுரையில் இரண்டு பேர் உட்கார்ந்து கறி தோசை சாப்பிட்டால் காலி. செலவிலோ பெரும்பகுதி நிறுவனத்தின் கையில் இல்லை. இந்தியாவில் எரிபொருள் மட்டுமே மொத்தச் செலவில் 30 முதல் 40 சதவீதம் வரை விழுங்கும். அது ஜிஎஸ்டிக்குள் வராத பொருள், மாநிலத்துக்கு மாநிலம் வாட் வேறு. விமான வாடகை டாலரில் போகிறது. விமான நிலையக் கட்டணத்தில் பேரம் பேச இடமில்லை. மிச்சம் இருப்பது ஆட்களும் நேரமும். ஆலோசகரின் கத்தி ஏன் எப்போதும் அந்த இரண்டின் மேலேயே விழுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய ரகசியம் கிடையாது.

இரண்டாவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. ஆட்குறைப்பு என்பது நிர்வாகம் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவாக இருக்கும். அதைத் தன் வாயால் சொல்லப் பிடிக்காது. ஒரு பெரிய பெயர், ஒரு கனமான அறிக்கை, நூறு ஸ்லைடு இருந்தால் இயக்குநர் குழுவிடம் “நாங்க சொல்லல சார், அவங்க சொன்னாங்க” என்று காட்டலாம். முடிவு பலித்தால் பெயர் நிர்வாகத்துக்கு. பலிக்காவிட்டால் அறிக்கை எழுதியவர் அதற்குள் வேறொரு நாட்டில் வேறொரு நிறுவனத்தில் இருப்பார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் ஊரில் சொல்வது இந்த ஏற்பாட்டுக்கு அப்படியே பொருந்தும்.

சரி, நேரம் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். இந்த விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு விமானம் வந்து நின்றதிலிருந்து மறுபடி புறப்படும் வரை ஆகும் நேரத்தை டேர்ன்அரவுண்ட் என்பார்கள். நம்முடைய சென்னை – மதுரை ஏடிஆர் போன்ற சின்ன விமானம் ஒரு நாளில் ஆறேழு முறை பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 10 நிமிஷம் மிச்சம் பிடித்தால் நாளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். கிட்டத்தட்ட இன்னொரு மதுரைப் பயணத்துக்கான நேரம் அது. விமானமும் வாடகையும் அதேதான், 70 டிக்கெட் அதிகம். ஸ்லைடில் பார்க்க ரொம்ப அழகாக இருக்கும்.

இந்த யோசனை எங்கே பிறந்தது தெரியுமா? 1972-இல், அமெரிக்காவின் டெக்சஸில். சவுத்வெஸ்ட் என்ற புது நிறுவனத்திடம் நான்கே விமானங்கள். பணமுடையில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. நான்கு விமானத்தின் கால அட்டவணையை மூன்றை வைத்து ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு, தரைப் பணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பில் ஃபிராங்க்ளின் ஒரு பதில் வைத்திருந்தார்: ஒவ்வொரு விமானத்தையும் 10 நிமிஷத்தில் திருப்பி அனுப்பினால் முடியும். அவர் பல வருஷம் ராம்ப்பில், அதாவது விமானம் நின்று ஏற்றி இறக்கும் இடத்தில், நின்றவர். எந்த வேலையை எதனோடு சேர்த்துச் செய்யலாம், எது ஒன்று முடிந்தால்தான் இன்னொன்றைத் தொட முடியும் என்பது அவருக்கு மனப்பாடம். அப்படி வந்ததுதான் உலகத்தையே மாற்றிய அந்தப் 10 நிமிஷம்.

அப்புறம் அந்த எண்ணை எல்லா ஆலோசகர்களும் எடுத்துக்கொண்டார்கள். எண் ஊர் ஊராகப் போனது, அதைச் சாத்தியமாக்கிய ஃபிராங்க்ளின்கள் கூடப் போகவில்லை.

ஏடிஆரில் பின்வாசல் வழியாகத்தான் ஏறுவோம். கவனித்திருப்பீர்கள், ஆட்கள் ஏறும்போது வாலுக்கு அடியில் ஒரு முட்டு வைத்திருப்பார்கள். எல்லோரும் பின்னால் கூடினால் பாரம் வால் பக்கம் சாய்ந்து மூக்கு தூக்கிவிடும் என்பதற்காக அந்த ஏற்பாடு. முன்னால் ஒரு சரக்கறை, பின்னால் ஒன்று. எதில் எத்தனை பெட்டி என்பதைப் பொறுத்துச் சில நாள் பயணிகளையே இடம் மாற்றி உட்காரச் சொல்வார்கள். முகூர்த்த நாளென்றால் ஆளுக்கு இரண்டு பை அதிகம். மார்கழிக் காலையில் பனி மூடிக்கொண்டால் முதல் விமானம் வானத்திலேயே சுற்றும், அல்லது திருச்சிக்குத் திரும்பும். கால அட்டவணையில் சும்மா கிடப்பது போலத் தெரிகிற அந்த 10 நிமிஷம், இந்த மாதிரிச் சங்கதிகளுக்காக அனுபவசாலிகள் யாரோ ஒதுக்கி வைத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வீண். ஆண்டு முழுவதற்கும் சராசரி எடுத்தால் அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கும். ஆனால் முகூர்த்த நாளும் மார்கழிப் பனியும் சராசரி பார்த்து வருவதில்லை.

மதுரைக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. 1912-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் இங்கே பஸ் ஓட்ட ஆரம்பித்தார். டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டதாக எங்கள் தாத்தா தலைமுறை சொல்லும். அந்த நேரம் தவறாமையைக் காப்பாற்றியது டிரைவரும் கண்டக்டரும் பணிமனை மெக்கானிக்கும் டைம் கீப்பரும்தான்.

ஆலோசனை பெரிய அளவில் கவிழ்த்த கதைக்கு விமானத் துறையில் எல்லோரும் காட்டுவது சுவிஸ்ஏரை. 1931-இல் தொடங்கிய நிறுவனம். ‘பறக்கும் வங்கி’ என்று பெயர், அவ்வளவு காசு, அவ்வளவு நம்பிக்கை. 1990-களில் ஐரோப்பிய வானம் திறந்துவிடப்பட்டபோது, சுவிட்சர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்புக்கு வெளியே நின்றது. பெரிய நிறுவனங்கள் விழுங்கிவிடுமோ என்ற பயத்துக்கு ஆலோசனை நிறுவனமான மெக்கின்சி கொடுத்த மருந்தின் பெயர் ‘வேட்டைக்காரர் உத்தி’. சின்னச் சின்ன நிறுவனங்களில் பங்கு வாங்கிக் கூட்டம் சேர்ப்பது. பெல்ஜியத்தின் சபேனாவில் 49.5 சதவீதம், அப்புறம் பிரான்சில், ஜெர்மனியில், போலந்தில், தென்னாப்பிரிக்காவில். பெரும்பான்மைப் பங்கு இல்லாததால் உத்தரவு போட முடியாது, ஆனால் நஷ்டத்தில் கை கொடுக்க வேண்டும். பங்கு வாங்கிய நிறுவனங்களில் பல ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தவை. ஆலோசகர்கள் சொன்னதைவிட நிர்வாகம் வேகமாகப் போய்விட்டது என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயமும் இருக்கலாம். 2001 அக்டோபர் 2 அன்று எரிபொருளுக்குக் கொடுக்கக் காசில்லாமல் சுவிஸ்ஏர் விமானங்கள் தரையில் நின்றன. அடுத்த மாதமே சபேனாவும் மூடப்பட்டது.

பத்து வருஷம் கழித்து அபுதாபியின் எதிஹாட் ஏறக்குறைய அதே வழியில் நடந்தது. 2011-இல் ஜெர்மனியின் ஏர் பெர்லினில் பங்கு, 2013-இல் நம் ஜெட் ஏர்வேஸில் 24 சதவீதம், 2014-இல் இத்தாலியின் அலிடாலியாவில் 49. 2017-இல் ஏர் பெர்லினும் அலிடாலியாவும் திவால். 2019 ஏப்ரல் 17 இரவோடு ஜெட் நின்றது. மதுரை ஓடுபாதையிலும் ஒரு காலத்தில் பார்த்துப் பழகிய வால் அது. சுவிஸ்ஏரில் வேலை பார்த்த யாரையாவது கூப்பிட்டுக் காபி வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தால் போதும் என்று தோன்றும். இப்போது சொல்வது சுலபம்தான்.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2007-இல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக்கினார்கள். இணைப்புக்கான ஆலோசகர் அக்சென்ச்சர். ஒன்று வெளிநாட்டுக்கு, இன்னொன்று உள்நாட்டுக்கு. சேர்த்தால் வலு என்பது காகிதத்தில் மறுக்க முடியாத தர்க்கம். ஆனால் இரண்டு நிறுவனத்துக்கும் சம்பள முறை வேறு, பதவி உயர்வு முறை வேறு, சங்கங்கள் வேறு, விமான வகையும் வேறு. அதற்கு முன்பே இரண்டும் தனித்தனியாக மொத்தம் 111 புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தன. வாங்குவதற்கு முன்னால் அல்லவா சேர்த்திருக்க வேண்டும் என்ற பொருளில் 2011-இல் தணிக்கைத் துறையே கேட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது சீனியாரிட்டி. இரண்டு அலுவலகத்தைச் சேர்த்தால் யார் யாருக்கு மூத்தவர் என்ற சண்டை வரும் என்று தாலுகா ஆபீஸ் கிளார்க்கிடம் கேட்டாலும் சொல்வார். 2012-இல் போயிங் 787 வரவிருந்தபோது, அதை ஓட்டும் பயிற்சி யாருக்கு, பழைய ஏர் இந்தியா பைலட்டுக்கா, பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுக்கா என்ற கேள்வியில் வேலைநிறுத்தம் வெடித்தது. 58 நாள் நீடித்தது. சேர்த்து 5 வருஷம் ஆகியும் இந்த ஒரு கேள்விக்கு விடை இல்லை. 2022 ஜனவரியில் நிறுவனம் டாடாவிடம் போனது. 18,000 கோடி ரூபாய் விலையில் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்ட கணக்கு.

போன டிசம்பரில், அதாவது 2025-இல், நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. பைலட்களின் வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியும், இரவுத் தரையிறக்கத்தை 6-லிருந்து 2-ஆகக் குறைத்தும் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ விதி கொண்டுவந்தது 2024 ஜனவரியில். முழுமையாக அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 1. இடையில் ஒன்றே முக்கால் வருஷம் இருந்தது. ஆனாலும் டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாளில் இண்டிகோவின் 2,507 விமானங்கள் ரத்தாயின, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தவித்தார்கள். மதுரையின் அறிவிப்புப் பலகையிலும் ரத்து, ரத்து என்றே ஓடியது. நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் நிறுவனம்.

இதை எந்த ஆலோசகர் தலையிலும் நான் கட்டவில்லை. ஆனால் இந்த வியாதியும் அதே குடும்பம்தான். விசாரணை செய்த டிஜிசிஏ சொன்ன காரணங்களில் முதலாவது, இருக்கிற ஆளையும் விமானத்தையும் எட்டிய மட்டும் இழுத்து, இடையில் கொஞ்சம்கூடத் தளர்வு விடாமல் அட்டவணை போட்டது. அபராதம் 22.20 கோடி. ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியல், போடுகிறவர்களுக்கு இது முன்கூட்டியே தெரியாமலா இருந்திருக்கும்? பைலட் சங்கங்கள் புது ஆள் எடுக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லின. கடைசியில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க நிறுவனம் வரவழைத்தது வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் குழுவை. இதைப் படித்த அன்று கொப்பரை அக்காவின் நினைவுதான் எனக்கு வந்தது.

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒன்று. 10 நிமிஷ டேர்ன்அரவுண்டைக் கண்டுபிடித்த அதே சவுத்வெஸ்ட், 2022 கிறிஸ்துமஸ் பனிப்புயலில் சுமார் 16,900 விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்கள் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டன. இவர்களுடைய க்ரூ அட்டவணை மென்பொருளுக்கு எந்தப் பைலட் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியவில்லை. பைலட்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த மென்பொருள் என்றைக்காவது காலை வாரும் என்று பைலட் சங்கம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னவர்கள் உள்ளூர்க்காரர்கள், யார் காதில் ஏறும்? அரசு போட்ட தண்டம் 14 கோடி டாலர்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வெளியாள் என்றாலே ஆகாது என்று முடித்தால் அது நேர்மையில்லை. கொரியன் ஏர் கதை அதற்கு நேர் எதிர். 1997 ஆகஸ்டில் குவாம் தீவில் அவர்களுடைய விமானம் மலைச்சரிவில் மோதி 228 பேர் இறந்தார்கள். கேப்டன் தவறு செய்வது தெரிந்தும் சின்னவர்கள் அழுத்திச் சொல்லத் தயங்குகிற காக்பிட் அது. மூத்தவரிடம் “அண்ணே, தப்பாப் போறோம்” என்று சொல்ல நாக்கு எழாத ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது விளக்காமலே புரியும். அதை உள்ளே இருந்த யாராலும் உடைக்க முடியவில்லை. 2000-இல் அமெரிக்காவின் டெல்டாவிலிருந்து டேவிட் கிரீன்பெர்க் என்பவரைக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது உட்படப் பல மாற்றங்கள், பயிற்சி முறையே மாறியது. பிறகு கொரியன் ஏர் பாதுகாப்பில் நல்ல பெயர் எடுத்தது. ஆனால் அவர் மூன்று வாரம் இருந்து ஸ்லைடு கொடுத்துவிட்டுப் போகவில்லை. பொறுப்பான பதவியில் உட்கார்ந்தார், விளைவு எதுவானாலும் அவர் தலையில்தான் விடியும் என்ற நிலையில்.

ஜப்பான் ஏர்லைன்ஸ் இன்னும் சுவாரசியம். 2010 ஜனவரியில் திவால். எடுத்து நடத்த வந்தவர் கஸுவோ இனமோரி, வயது எழுபதுக்கு மேல், கியோசெரா நிறுவனத்தைத் தொடங்கியவர், பௌத்தத் துறவியாகத் தீட்சை பெற்றவர். விமானத் தொழிலில் அனுபவம் பூஜ்யம், சம்பளமும் வாங்கவில்லை. அவரும் ஆட்களைக் குறைத்தார். ஏறத்தாழ 16,000 பேர், அது சின்ன எண்ணிக்கை இல்லை. மிச்சம் இருந்தவர்களிடம் அவர் செய்ததுதான் வித்தியாசம். நிறுவனத்தைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு வழித்தடத்தின் வரவு செலவையும் அதில் வேலை செய்கிறவர்களுக்கே தெரிகிற மாதிரி வைத்தார். எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். 2012 செப்டம்பரில் நிறுவனம் மறுபடி பங்குச்சந்தைக்கு வந்தது.

நம் பக்கத்தில் இப்போதைக்கு இந்த மாதிரிக் காற்று வீசுவதாகத் தெரியவில்லை. தரைப் பணி ஒப்பந்தம் என்றால் பெரும்பாலும் குறைந்த விலை சொன்னவருக்குத்தான். ஒப்பந்தம் கை மாறும்போது ஆளும் மாறுகிறார்கள். அல்லது அதே ஆள், வேறு சட்டை, குறைந்த சம்பளம். 2024 அக்டோபரிலிருந்து மதுரை விமான நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது, ராத்திரி ஷிப்டுக்கும் ஆள் வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், நுனி நாக்கில் மூன்று மொழி பேசுகிறார்கள். பெட்டியைப் பார்த்துக் கேள்வி கேட்க அவர்களுக்கும் வரும். அதற்கு நாலைந்து வருஷம் அந்தக் கவுன்ட்டரிலேயே இருக்க விட வேண்டும்.

அந்த அக்கா இப்போது பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டிராவல்ஸ் கடையில் டிக்கெட் போடுகிறார். போன மாதம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில், பார்வையில் படுகிற மாதிரி, ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய ஒரு தாள்: “கொப்பரை வேண்டவே வேண்டாம். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ஊறுகாய் பெட்டியில், நன்றாகக் கட்டி.” எதிரே உட்கார்ந்திருந்த பையனுக்கு டிக்கெட்டை மடித்துக் கொடுத்துவிட்டு, “அம்மாவுக்குப் போன் போடுப்பா, நான் பேசுறேன்” என்றார்.